காலயந்திரக் காரும் நடுக்குவாத ஆராய்ச்சியும்

கேள்வி: சினிமாக் காரின் நகலைக் காட்டி மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுகிறார்களாமே, இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: அந்தப் படத்தின் நாயகர்தான் சம்பந்தம். 1985-இல் வெளியான ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தில் டெலோரியன் காரில் காலம் கடந்து சென்ற மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு, 1991-இல், 29 வயதிலேயே பார்க்கின்சன் எனும் நடுக்குவாதம் இருப்பது தெரியவந்தது. 1998-இல் அதை வெளிப்படையாக அறிவித்த அவர், 2000-இல் ஆராய்ச்சிக்கென ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். வட அயர்லாந்தில் ஏறத்தாழ 9,000 மட்டுமே தயாரான, வண்ணம் பூசாத எஃகு உடலும் பறவைச் சிறகாக மேல்நோக்கித் திறக்கும் கதவுகளும் கொண்ட அந்தக் காரை ரசிகர்கள் தேடி வாங்கி, முன்பலகையில் படத்தில் உள்ளதுபோன்ற மூன்று வரிசைத் தேதிகாட்டியைப் பொருத்தி, விழாக்களில் நிறுத்தி, அதில் அமர்ந்து படமெடுத்துக்கொள்வோரிடம் அந்த அறக்கட்டளைக்கு நன்கொடை பெறுகிறார்கள். வெறுமனே உண்டியல் குலுக்குவதைவிட இது மேல் என்பேன்.