கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்: காகிதக் கைவினை, வாசகர் கேள்வி பதில்

புத்தகப் பிரியர்கள் காகிதத்தைக் கொண்டு செய்யும் கைவினைகள் குறித்து வந்த கடிதங்களில் ஆறினை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வார இதழ்களில் வெளிவந்த தொடர்கதைகளை என் அம்மா வாரந்தோறும் பிரித்தெடுத்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு பதினொரு தொகுதிகளும் என்னிடம் வந்துவிட்டன. தாள்கள் பழுப்பேறி, புரட்டினாலே ஓரங்கள் உதிர்கின்றன. இவற்றை வெட்டி, துணி, வண்ணம் எல்லாம் சேர்த்துச் சுவரில் மாட்டும் படமாகச் செய்ய ஆசைப்படுகிறேன். 'அம்மாவின் புத்தகத்தில் கத்தரிக்கோலை வைப்பாயா?' என்று அண்ணன் கோபித்துக்கொள்கிறார். யார் சொல்வது சரி? (கும்பகோணம் வாசகி)

பதில்: அண்ணனுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் தொகுதிகளை அலமாரியிலேயே வைத்திருந்தால் அவை பிழைத்துவிடும் என்று அவர் நினைத்தால் அது தவறு. வார இதழ்கள் பெரும்பாலும் செய்தித்தாள் வகைக் காகிதத்தில் அச்சாயின. அந்தக் காகிதத்தில், மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அதுதான் பழுப்பேறுகிறது. மை ஊறிப் பரவாமலிருக்கப் படிகாரமும் பைன் மரப் பிசினும் சேர்ப்பது அந்நாளைய காகித ஆலைகளின் வழக்கம். அப்படிகாரத்திலிருந்து உண்டாகும் அமிலம் நார்களை உள்ளிருந்தே அறுத்துக்கொண்டிருக்கும். ஆகவே உங்கள் தொகுதிகளை யாரும் தொடாவிட்டாலும் அவை உதிரத்தான் செய்யும்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். எழுத்தோ படமோ இல்லாத ஒரு மூலையை முன்னும் பின்னுமாக மடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று மடிப்புக்குள்ளேயே மூலை கையோடு வந்துவிட்டால் அந்தத் தாள் புரட்டிப் படிக்கும் நிலையைக் கடந்துவிட்டது என்று பொருள். ஏழெட்டு முறை தாங்கினால் அந்தத் தொகுதியை வெட்டவே வேண்டாம். தூய பருத்தித் துணியில் சுற்றிக் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். பதினொன்றும் ஒரே நிலையில் இருக்காது என்பது என் அனுபவம். ஆலையும் ஆண்டும் மாறும்போது காகிதமும் மாறும்.

முறிந்துபோன தொகுதிகளையும் உடனே வெட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். பெரிதாக்க எண்ணியுள்ள ஓவியப் பக்கங்களுக்கு மட்டும் 600. இதற்கு ஒரு வாரம் பிடிக்கலாம். அந்த வேலையை அண்ணனிடமே ஒப்படைத்தால் அவருடைய கோபமும் தணியும் என்பது என் ஊகம்.

ஸ்கேன் செய்யும்போது ஒவ்வொரு தாளின் பின்பக்கத்தையும் பாருங்கள். கதைக்காகப் பிரித்தெடுத்த தாளின் மறுபுறத்தில் பாதி நகைச்சுவைத் துணுக்கு, கூந்தல் தைலத்தின் விளம்பரம், முடிவு தெரியாமல் அறுந்துபோன சமையல் குறிப்பு என்று உங்கள் அம்மா சேர்க்க நினைக்காத ஒரு காலம் தானாகவே சேர்ந்திருக்கும். இத்தகைய தொகுதிகளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய தேதியும், அடையாளத்துக்காகச் செருகிய பேருந்துச் சீட்டும், விட்டுப்போன வாரத்துக்காக அண்டை வீட்டில் கடன் வாங்கிக் கையால் எழுதி ஒட்டிய பக்கமும் இருப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். நீங்கள் செய்யப்போகும் படத்துக்கு உரிய பொருள் இவைதான். கதைப் பக்கங்கள் அச்சில் ஆயிரக்கணக்கில் வெளிவந்தவை. ஓரத்துப் பென்சில் எழுத்து உங்கள் வீட்டில் மட்டுமே இருப்பது.

செய்முறைக்கு வருகிறேன். 2 மில்லிமீட்டர் கனமுள்ள மில் போர்டு அட்டையின் மேல், அம்மாவின் பழைய பருத்திப் புடவையிலிருந்து முந்தானை அல்லாத ஒரு துண்டை இழுத்து ஒட்டிக் காயவிடுங்கள். ஓவியத்தைப் புடவையின் மேல் ஏற்றுவதற்கு மூலத்தை வெட்ட வேண்டியதில்லை. ஸ்கேனிலிருந்து இடவலம் மாற்றி லேசர் முறையில் ஒரு படி எடுத்தால் போதும். இடவலம் மாற்ற மறந்தால் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிவிடும். கலைப்பொருள் கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் ஜெல் மீடியத்தைத் துணியின் மேல் மெல்லப் பூசி, படியை முகம் கீழாக வைத்து, ஸ்கேலின் விளிம்பால் காற்றுக் குமிழ்களைத் தள்ளிவிட்டு, ஓர் இரவு முழுவதும் காயவிடுங்கள். மறுநாள் ஈரப் பஞ்சால் நனைத்து விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் காகிதம் திரிதிரியாக உருண்டு வந்துவிடும். லேசர் அச்சில் உருகிப் படிந்த கறுப்பு மை மட்டும் துணியில் தங்கும். காய்ந்த பிறகு ஒரு வெண்மை படர்ந்ததுபோல் தெரிந்தால் மிச்சக் கூழ் இருக்கிறது என்று பொருள். மறுபடி நனைத்துத் தேயுங்கள். புடவையின் இழைகளினூடே கதாநாயகியின் கண் தெரியும் அந்த நிமிடத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

மூலத்திலிருந்து எடுக்க வேண்டியவை ஓரத்துப் பென்சில் தேதியும் ஏற்கெனவே உதிர்ந்து விழுந்த துண்டுகளும் மட்டுமே. அவற்றைக் கடைசி அடுக்காக வையுங்கள். படத்தைச் சட்டமிடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் அட்டை இடைவெளி விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்து ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். வெயில் விழும் சுவரும் வேண்டாம்.

கேள்வி: பழைய புத்தகத் தாள்களை அட்டையில் ஒட்டினால் சுருக்கம் விழுகிறது. அட்டையும் வில்போல வளைந்துவிடுகிறது. பசை மாற்றியும் பயனில்லை. (திருநெல்வேலி வாசகர்)

பதில்: பசையின் மேல் குற்றமில்லை. இயந்திரத்தில் செய்த காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் நார் பருக்குமே தவிர அதிகம் நீளாது. ஆகவே நார்த் திசைக்குக் குறுக்கே காகிதம் விரிகிறது. உலர்ந்த தாளை ஒட்டியதும் அது பசையின் ஈரத்தை உறிஞ்சி விரியத் தொடங்கி, போக இடமில்லாமல் சுருக்கம் சுருக்கமாக மடிகிறது. தாளின் பின்புறத்தை ஈரப் பஞ்சால் ஒற்றி, ஓரிரு நிமிடம் காத்திருந்து, அது விரிந்து தளர்ந்த பிறகு ஒட்டுங்கள்.

நார்த் திசையை அறிய ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழிந்து செல்லும் பக்கமே நாரின் திசை. அட்டை வளைவதற்குக் காரணம், காயும்போது மேல்தாள் சுருங்கி இழுப்பது. அதே எடையுள்ள ஒரு தாளை அதே நார்த் திசையில் பின்புறத்திலும் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகிவிடும். பைண்டிங் பட்டறைகளில் இதைச் சொல்லித் தருவதில்லை, அடுத்தவர் கையைப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் காய்ச்சிய மைதா பசை நல்லதா, கடையில் வாங்கும் வெள்ளைப் பசை நல்லதா? மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்கச் சொல்கிறார்களே? (மதுரை வாசகி)

பதில்: மைதா பசையின் பெரிய நன்மை, என்றைக்கு வேண்டுமானாலும் நீர் விட்டு நீக்கிவிடலாம் என்பது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை காய்ந்தால் காய்ந்ததுதான். தவறாக ஒட்டிய அரிய படத்தை மீட்க முடியாது. எனவே மூலத் தாள்களுக்கு மாவுப் பசை, துணிக்கும் அட்டைக்கும் மணிக்கும் வெள்ளைப் பசை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பு, பளபளப்பு வந்ததும் இறக்கம். ஆறிய பின் துணியில் வடிகட்ட மறக்கக் கூடாது.

மைதாவின் குறை பூச்சிகள். நான் ஒரு கொலுவுக்காகச் செருப்புப் பெட்டியில் செய்த நூலகம் ஒன்றை, மைதா பசை தாராளமாகப் பூசி, பரணில் ஏற்றிவைத்தேன். மறு ஆண்டு இறக்கியபோது அலமாரிகள் நின்றன, புத்தகங்களின் முதுகுகளை மட்டும் இராமபாணப் பூச்சி சீராகத் தின்றிருந்தது. அதற்கும் வாசிப்புப் பழக்கம் உண்டு போலும்.

இதைத் தடுக்கவே பைண்டர்கள் மயில்துத்தம் சேர்த்தார்கள். அது நஞ்சு, குழந்தைகள் கைபடும் பொருளில் கூடவே கூடாது. தவிர, செம்புச் சத்து நாளடைவில் காகிதத்தின் சிதைவை விரைவுபடுத்தும். மைதாவுக்குப் பதிலாக மக்காச்சோள மாவில் (கார்ன்ஃப்ளவர்) பசை காய்ச்சலாம். அதில் புரதம் குறைவு. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகையின் மேல் துணியை ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசையைப் பயன்படுத்தும் மரபு உண்டு. எந்தப் பசையானாலும் மெல்லிய பூச்சு, முழுமையான உலர்ச்சி, ஆண்டுக்கு இருமுறை வெளியே எடுத்துத் தட்டுதல் ஆகிய மூன்றும்தான் உண்மையான காவல்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். இந்த ஆண்டு எங்கள் வீட்டுக் கொலுவில் ஒரு நூலகம் வைக்கப் போகிறேன். பொம்மை கையில் பிடிக்கும் அளவுக்குச் சின்னப் புத்தகம் செய்வது எப்படி? பக்கங்கள் திறக்க வேண்டும். (காரைக்குடி வாசகர்)

பதில்: பக்கங்கள் திறக்க வேண்டும் என்று கேட்டாயே, அங்கேதான் நீ நல்ல வாசகன் என்று தெரிகிறது. ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்து விரி. எட்டுக் கட்டங்கள் தெரியும். குறுகிய விளிம்புகள் ஒன்றோடொன்று சேரும்படி ஒரு முறை மடித்து, மடிப்பின் நடுவிலிருந்து அடுத்த மடிப்புக் கோடு வரைக்கும் மட்டும் வெட்டு. விரித்துப் பார்த்தால் நடுவில் ஒரு கீறல் இருக்கும். நீளவாக்கில் மடித்து இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் கீறல் வாய் திறந்து கூட்டல் குறிபோல நிற்கும். சுற்றி மடித்தால் தையலும் பசையும் இல்லாமல் எட்டுப் பக்கப் புத்தகம் ஆகிவிடும்.

ஏ4 தாளில் செய்தால் பக்கம் 74 × 105 மில்லிமீட்டர் வரும். பொம்மைக்கு அது பெரிது. அதே 74 × 105 அளவுள்ள சிறு தாளில் செய்தால் பக்கம் ஏறத்தாழ 26 × 37 மில்லிமீட்டர் ஆகும். பொம்மையின் கைக்கு அது பொருத்தம். அலமாரிக்குத் தீப்பெட்டிகளின் உள்தட்டுகளை அடுக்கு. நூலகருக்கு ஒரு மேசையும், அதன் மேல் தேதி முத்திரைபோல ஒரு பொத்தானும் வை. நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை 1931இல் வகுத்துத் தந்த எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர், 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்பது அவருடைய முதல் விதி. அதை ஒரு சிறு பலகையில் எழுதி வாசலில் மாட்டு. புத்தகங்களுக்குள் எதையாவது எழுதிவிடு, ஒரு வரியாவது. வருபவர்கள் திறந்து பார்ப்பார்கள்.

கேள்வி: பழைய இதழ்களின் ஓவியங்களை அச்சிட்டு, அவற்றின் மேல் ஜரிகையும் மணியும் சேர்த்து வாழ்த்து அட்டைகள் செய்து விற்கலாமா? எழுத்தாளர்களின் நூல்களைத்தான் அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டதே? (கோவை வாசகி)

பதில்: நாட்டுடைமை என்பது எழுத்தாளரின் எழுத்துக்கு உரியது; அதனுடன் அச்சான ஓவியத்துக்கு அல்ல. பாரதியின் படைப்புகள் 1949இல் அரசின் உடைமையாயின, அவர் வரிகளை நீங்கள் அட்டையில் எழுதலாம். ஆனால் ஓவியருக்கு உரிமை தனி. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்தவரின் வாழ்நாளும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் கணக்கிட்டு 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். எடுத்துக்காட்டாக, ஓவியர் கோபுலு 2015இல் மறைந்தார். அவர் ஓவியங்களுக்கு 2075 முடியும்வரை உரிமை உண்டு. அந்த உரிமை குடும்பத்திடமும் இருக்கலாம், இதழிடமும் இருக்கலாம். அனுமதி கேட்டு எழுதுங்கள்.

உங்கள் வீட்டுச் சுவருக்குச் செய்வதும், படியெடுத்துப் பெருக்கி விற்பதும் ஒன்றல்ல. விற்பனைக்கென்றால் ஓவியத்தை நீங்களே வரையலாம். சரி, வரையத் தெரியாதென்றால் எழுத்துருக்களையே வெட்டி ஒட்டுங்கள். பழைய அச்சில் துதிக்கைபோல வளைந்த கொம்புடன் வந்த 'லை', 'னை' போன்ற யானைத்துதிக்கை எழுத்துகளைவிட அழகான அலங்காரம் எந்த அச்சு அட்டையிலும் கிடைக்காது.

கேள்வி: புதிய தாளைப் பழைய ஏடுபோலக் காட்டத் தேநீரில் நனைக்கிறார்கள். நானும் அப்படி நினைவுக்குறிகள் செய்து நண்பர்களின் புத்தகங்களில் வைத்துக் கொடுக்கிறேன். கைவேலைக்கு இது ஏற்றதா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: சுவரில் மாட்டுவதற்கு ஏற்றது, புத்தகத்துக்குள் வைப்பதற்கு ஏற்றதல்ல. தேநீர் அமிலத்தன்மை உடையது. பழமையை நடிக்கவைக்கப் போய், காகிதத்தை உண்மையிலேயே முதுமையாக்கிவிடுவோம். நினைவுக்குறி தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்திலும் பழுப்புக் கறை இறங்கும். அழுத்தி உலர்த்திய பூ, ஜரிகை, மணி, பித்தளைக் கிளிப் ஆகியவற்றுக்கும் இதையே சொல்வேன்: பூ கறைபடுத்தும், மணி முதுகை உடைக்கும். புத்தகத்துக்குள் இருக்கும் பகுதி மெல்லிய வெண்தாளாக, ஒரு பக்கத்தின் கனத்துக்கு மேற்படாமல் இருக்கட்டும். அலங்காரம் அனைத்தையும் வெளியே தொங்கும் நூல் முனைக்கு மாற்றிவிடுங்கள்.