"மனிதா" எண்டு திட்டினா யாருக்குக் கோவம் வரும்?

கேள்வி: ஐயா, நாங்க கொஞ்சப் பேர் சேர்ந்து மட்டக்களப்பு வாவியையும் கரைச் சேத்தில வளர்ற கண்டல் மரங்களையும் காப்பாத்தச் சொல்லி கவிதையும் ஓவியமுமா ஒரு புத்தகம் போடப்போறம். வித்து வாற காசில கண்டல் நடுறதுதான் பிளான். உங்கட இதழில ஒரு பக்கம் விளம்பரம் தருவீங்களா? வெளியீட்டு விழாவுக்கும் வரவேணும்.
- வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, நோக்கம் நல்லது, அதில குறை சொல்ல ஒண்டுமில்ல. ஆனா மாதிரிக்கு எண்டு நீங்க அனுப்பின கவிதையள வாசிச்சன், முக்காவாசி "மனிதா"விலதான் தொடங்குது. யாரு அந்த மனிதன்? டிப்பர் விட்டு ஆத்து மண் ஏத்துறவரும் அவர்தான், வாவிக்கரைய நிரப்பி மதில் கட்டுறவரும் அவர்தான், அத்தாங்கு வச்சு இறால் வடிக்கிற கிழவியும் அவர்தான் எண்டா யாருக்குக் கோவம் வரும்? மதில் கட்டினவரே உங்கட விழாவுக்கு வந்து முன்வரிசையில இருந்து கைதட்டி, முதல் பிரதியையும் வாங்கி, பொன்னாடையும் போத்திக்கிட்டுப் போவார்.

கண்டல் கண்டல் எண்டு அவ்வளவு எழுதியிரிக்கீங்க, கண்ணா, கிண்ணை, தில்லை எண்டு ஒரு மரத்திட பேர் இல்ல. தில்லைப் பால் கண்ணில பட்டா என்ன பாடு எண்டு தோணிக்காரர் ஒருத்தரக் கேட்டாலே ஒரு கதை கிடைக்கும். ஓவியத்தில உலக உருண்டை அழுகுது. 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கு, அதில ஒரு துறைய வரைய ஆளில்லையா?

இனி அந்தக் காசு விசயம். சுனாமிக்குப் பிறகு நாடு முழுக்க கண்டல் நட்டாங்களே, அதில 23 இடத்தப் போய்ப் பாத்த ஒரு ஆய்வு 2017ல வந்தது. நட்டது 1000 ஹெக்டேயருக்கு மேல, தப்பிப் பிழைச்சது கிட்டத்தட்ட 200, 9 இடத்தில ஒரு கண்டுகூட மிஞ்சல்ல. தண்ணி ஏறி இறங்குற மட்டம் பாக்காம கண்ட இடத்தில குத்தினது, நட்டுட்டு ஆரும் திரும்பிப் போகாதது, மாடு மேஞ்சது, இப்பிடித்தான் காரணங்கள். நட்ட படம் எல்லாப் பேப்பரிலயும் வந்தது, செத்த படம் எங்க வந்தது? உங்கட புத்தகக் காசில நடுற கண்டுக்கும் இதுதான் கதி எண்டா அந்தக் காசுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடிக்கலாம்.

புத்தகம் போடத்தான் வேணும், ஆனா வேற மாதிரி. உங்கட பக்கத்தில முந்தி ஆராவது கண்டல் நட்ட இடம் இரிக்கும், போர்ட்டும் நிக்கும். அங்க போய் இருந்து என்ன நிக்குது, என்ன செத்துப்போச்சு எண்டு வரைங்க, கரையில இருக்கிற சனத்திட்ட எந்தக் கண்டு எந்தச் சேத்தில பிடிக்கும் எண்டு கேட்டு அவங்கட வாயாலயே எழுதுங்க, அடுத்த வருசமும் அதே இடத்துக்குப் போங்க. புத்தகம் வாசிக்காத சனத்துக்கு அதையே கூத்தாக்கிக் களரியில ஆடலாம், அது பெரிய கதை, பிறகு பாப்பம்.

விழாவுக்கு என்னைக் கூப்பிடாதீங்க. ஃபிளெக்ஸ் பேனரும் பிளாஸ்டிக் போத்தல் தண்ணியும் லஞ்ச் ஷீற்றில சுத்தின சோறுமா (சோறு சுத்துற பொலித்தீன் தாள், 2017லயே தடைசெய்த சாமான், இன்னும் கடையில கிடைக்கு) சுற்றாடல் விழாக்கள் நிறையப் பாத்திட்டன். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில பொலித்தீன் திண்டு எட்டு வருசத்தில கிட்டத்தட்ட 20 யானை செத்தது எண்டு 2022ல செய்தி வந்ததே, அங்க போய்ச் சேர்றது இந்த மாதிரிச் சாமான்தான். அட்டைக்கு லெமினேற் பண்றத விடுங்க, ஒவ்வொரு பிரதியையும் பொலித்தீன் உறையில போடுறதையும் விடுங்க.

விளம்பரம் ஒரு பக்கம் கேட்டீங்க. விளம்பரம் தரமாட்டன், ஆனா நீங்க போய்ப் பாத்து வரைஞ்சு எழுதினத அனுப்பினா நாலு பக்கம் ஒதுக்குறன், சன்மானமும் உண்டு. படத்துக்குக் கீழ இடத்திட பேரும் திகதியும் இல்லாட்டிப் போடமாட்டன்.