பெரிய அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

உங்கள் ஊரில் உள்ள பெரிய அரசு மேல்நிலைப் பள்ளி எப்படி இருக்கிறது, அதில் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று போன இதழில் கேட்டிருந்தோம். பெற்றோர்களும் எழுதியிருக்கிறார்கள், பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாக வைத்துப் படித்தால், ஒரே பள்ளியைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று சந்தேகம் வருகிறது. பெற்றோர் ரிசல்ட், ஒழுக்கம், இங்கிலீஷ் என்று எழுதுகிறார்கள். பிள்ளைகள் கழிப்பறை, பாதியில் மாற்றலாகிப் போன டீச்சர், பறிபோன பி.டி. பீரியட் என்று எழுதுகிறார்கள். தினமும் அந்த வகுப்பில் போய் உட்காருகிறவர்கள் அவர்கள்தான் என்பதால், நான் அவர்கள் சொல்வதைத்தான் முதலில் கேட்பேன்.

கேள்வி: என் மகள் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். ஃபீஸ் கட்ட முடியவில்லை. எங்கள் ஊர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் 2,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். "அங்கே போனால் பிள்ளை காணாமல் போயிடுவா" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். சேர்க்கலாமா? (ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்)

சேர்க்கலாம் அம்மா. ஆனால் அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், இதைப் பலர் பிளஸ் டூ முடித்த பிறகுதான் தெரிந்துகொண்டு அழுகிறார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. நீட் வந்த பிறகு விரல் விட்டு எண்ணும் அளவில்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடம் கிடைத்துக்கொண்டிருந்தது, இந்த ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 400 இடங்கள் கிடைத்தன. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று மற்ற தொழிற்படிப்புகளுக்கும் அதே ஒதுக்கீடு வந்தது. ஆனால் இதைப் பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு இந்த ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்பவருக்குப் பொதுவாக இரண்டும் கிடையாது. ஒரே ஒரு விலக்கு: கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் அரசுப் பள்ளியில் படித்தால் தகுதி உண்டு. உங்கள் மகள் அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவளா என்று பழைய பள்ளியில் கேட்டு, சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அரசுப் பள்ளிக்கு மாற்றுவதாக இருந்தால் ஐந்தாம் வகுப்பு முடித்ததும் மாற்றுங்கள், ஃபீஸ் கட்ட முடியாமல் போகும் வரை காத்திருக்காதீர்கள்.

சரி, அந்தப் பள்ளி நல்ல பள்ளியா? இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இருக்காது. 2,000 பேர் படிக்கும் இடத்தில் ஒரே கூரைக்குக் கீழே நாலைந்து பள்ளிகள் நடக்கின்றன என்றுதான் நான் நினைக்கிறேன். 'ஏ' பிரிவுப் பிள்ளைக்கு எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருப்பார், 'எஃப்' பிரிவில் கணக்குக்கு ஆள் இல்லாமல் காலாண்டு முடிந்துவிடும். அதனால் சொந்தக்காரர்களை விட்டுவிட்டு, சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் கேட் பக்கம் போய் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசுங்கள். உங்க செக்‌ஷனில் எத்தனை பேர்? எல்லாப் பாடத்துக்கும் டீச்சர் இருக்காங்களா? மார்க் பார்த்துத்தான் செக்‌ஷன் பிரிக்கிறாங்களா? லேபில் நீயே செய்தாயா, டீச்சர் செய்ததைப் பார்த்தாயா? இந்த நாலு கேள்வி போதும். பிள்ளைகள் மறைக்க மாட்டார்கள்.

இன்னொன்று. எத்தனை ஆசிரியர் பணியிடம் என்பதை ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். யோசித்து யோசித்து செப்டம்பரில் கொண்டுபோய்ச் சேர்த்தால் வகுப்பில் கூட்டம் மட்டும் கூடும், ஆசிரியர் கூட மாட்டார். ஜூனிலேயே சேருங்கள்.

"காணாமல் போயிடுவா" என்ற பயம் பொய்யில்லை. பெரிய பள்ளியில் நடுவில் நிற்கும் பிள்ளை, அதாவது நூற்றுக்கு ஐம்பது அறுபது எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கும் பிள்ளை, யார் கண்ணிலும் படுவதில்லை. வகுப்பாசிரியருக்கு உங்கள் முகம் தெரிந்திருந்தால் உங்கள் மகளின் முகமும் தெரியும். மாதம் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். இதே மாதிரி அரசு பெண்கள் பள்ளிகளில் படித்தவர்கள் எங்கே போயிருக்கிறார்கள் என்றும் மகளிடம் சொல்லுங்கள். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டை அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவி.

கேள்வி: பிளஸ் டூ, பயோ மேத்ஸ் படிக்கிறேன். பிசிக்ஸ் சார் ஜூலையில் மாற்றலாகிப் போய்விட்டார். இன்னும் யாரும் வரவில்லை. கெமிஸ்ட்ரி சாரே அந்த பீரியடில் வந்து உட்காருகிறார். வீட்டில் சொன்னால் "நீயா படி, அந்தக் காலத்தில் நாங்க படிக்கலையா" என்கிறார்கள். (ஒரு மாணவன், விழுப்புரம்)

தம்பி, நீ கேட்பது நியாயம். மாற்றல் கலந்தாய்வு, பதவி உயர்வு, ஓய்வு என்று ஆசிரியர் போவதற்குப் பல வழி இருக்கிறது. அவர் இடத்துக்கு ஆள் வர தேர்வு வாரியம், வழக்கு, பட்டியல் என்று எல்லாம் முடிய வேண்டியிருக்கிறது. அதுவரை உன் வருடம் நிற்காது. இதை அரசும் ஒப்புக்கொண்டுதான், 2022 முதல் பெற்றோர் அதிகம் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியரை அமர்த்திக்கொள்ள அனுமதித்தது. முதுநிலை ஆசிரியருக்கு மாதம் 18,000 ரூபாய் தொகுப்பூதியம் என்று நிர்ணயித்தார்கள். அந்தச் சம்பளத்துக்கு எம்.எஸ்சி. பி.எட். முடித்தவர் கிடைப்பது சில ஊர்களில் கஷ்டம்தான், ஆனாலும் கேட்டால்தான் தேடுவார்கள்.

உன் வகுப்பில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட்டு தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். காலிப் பணியிடம் எந்தத் தேதியில் இருந்து, எத்தனை பாடம் நடக்கவில்லை என்பது மட்டும் போதும், யார் மேலும் குறை சொல்ல வேண்டாம். அதன் நகலை உன் அம்மாவோ அப்பாவோ மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்ல வேண்டும். எழுத்தில் ஏறாத குறை முதன்மைக் கல்வி அலுவலர் மேசைக்குப் போகாது.

மார்க் பற்றிப் பயப்படுகிறாய் என்றால் கணக்கு இதுதான்: எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. எழுத்தில் குறைந்தது 15 எடுத்து, மொத்தம் 35 வந்தால் தேர்ச்சி. தேர்ச்சிக்கு வழி இருக்கிறது. ஆனால் உனக்குத் தேவை தேர்ச்சி மட்டும் இல்லை என்று தெரியும், அதனால்தான் கடிதம் எழுதச் சொல்கிறேன். வீட்டில் "அந்தக் காலத்தில்" என்று சொல்கிறவர்களுக்கு: அந்தக் காலத்தில் பிசிக்ஸ் வாத்தியார் இருந்தார்.

கேள்வி: பி.டி. பீரியடை எப்போதும் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார். கேட்கலாமா? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஈரோடு)

கேள். விளையாட்டும் கால அட்டவணையில் இருக்கும் பாடம்தான். "மிஸ், வாரத்துக்கு ஒரு பீரியடாவது விடுங்க" என்று நாலைந்து பேராகப் போய்க் கேளுங்கள், பெரும்பாலான ஆசிரியர்கள் விட்டுவிடுவார்கள்.

கேள்வி: என் மகள் காலையில் இருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிப்பதே இல்லை. கேட்டால் "அங்க பாத்ரூம் போக முடியாதுப்பா" என்கிறாள். ரிசல்ட் நன்றாக இருக்கிற பள்ளி என்றுதான் சேர்த்தேன். (ஒரு தந்தை, திருப்பூர்)

மாணவிகள் எழுதிய கடிதங்களில் அதிகம் வந்தது இதுதான் ஐயா. பெற்றோர் கடிதங்களில் உங்களைத் தவிர யாரும் இதை எழுதவில்லை. வீட்டில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,200 மாணவிகள், பத்து நிமிட இடைவேளை, இருபது கழிப்பறை. எல்லாமே திறந்திருந்தாலும் ஒன்றுக்கு 60 பேர். அதில் சிலதற்குத் தாழ்ப்பாள் இல்லை, சிலதில் தண்ணீர் வரவில்லை, சிலது "ஸ்டாஃபுக்கு" என்று பூட்டியிருக்கிறது என்றால் மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நாட்களில் பிள்ளைகள் லீவ் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம், வயிற்றுவலி என்று லீவ் லெட்டரில் எழுதுகிறார்கள். தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். உங்கள் மகளுக்கு எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

பள்ளியில் கட்டடம் கட்டுவதற்கு நிதி வந்துவிடுகிறது, கழுவுவதற்கு ஆள் வைப்பதில்தான் எல்லாம் நிற்கிறது. தூய்மைப் பணியாளருக்கு மாதம் சில ஆயிரம்தான் கொடுக்கிறார்கள், அதுவும் நேரத்துக்கு வருவதில்லை. அந்தச் சம்பளத்துக்கு ஒரு பெண்மணி ஒரு வேளை வந்து கழுவிவிட்டுப் போகிறார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று: ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது கழுவ ஆள், எல்லா வகுப்பையும் ஒரே நேரத்தில் விடாமல் ஆறு முதல் எட்டு வரை ஒரு இடைவேளை, ஒன்பதுக்கு மேல் இன்னொரு இடைவேளை, அப்புறம் வகுப்பு நடக்கும்போது கேட்டாலும் அனுமதி மறுக்கக் கூடாது என்ற உத்தரவு. கடைசி இரண்டுக்கும் பைசா செலவில்லை. நான் பார்த்த ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை இடைவேளையைப் பிரித்துவிட்டார், மணி அடிக்கும் அட்டவணை மட்டும்தான் மாறியது.

கேள்வி: அரையாண்டில் மூன்று பாடத்தில் ஃபெயில். "டிசி வாங்கிட்டுப் போய் பிரைவேட்டா எழுது" என்று சொல்கிறார்கள். அப்பாவையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். நான் என்ன செய்ய? (பத்தாம் வகுப்பு மாணவன்)

போகாதே தம்பி. நீயும் உன் அப்பாவும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். டிசி என்பது பெற்றோர் எழுதிக் கேட்டால் கொடுப்பது, அதனால்தான் உங்களையே கேட்க வைக்கிறார்கள். மாவட்டக் கூட்டத்தில் "உங்கள் பள்ளியின் சதவீதம் ஏன் குறைந்தது" என்று தலைமை ஆசிரியரை நிற்க வைத்துக் கேட்கிறார்கள், அந்தப் பயம் கடைசியில் உன் தலையில் இறங்குகிறது. மேலே உள்ளவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, எட்டாம் வகுப்பு வரை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை எப்படி வந்தது என்பது. அதைக் கேட்பதில்லை. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் கட்டும் எந்தப் பள்ளியைப் பார்த்தாலும், ஜூனில் எத்தனை பேர் இருந்தார்கள், மார்ச்சில் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள் என்று பெற்றோருக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உனக்கு: 14417 பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண், 1098 குழந்தைகளுக்கான உதவி எண். இரண்டும் இலவசம். அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசு. மார்ச்சில் ஒன்றிரண்டு பாடம் போனாலும் அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு, எழுதி அதே வருடம் பிளஸ் ஒன் சேரலாம்.

கேள்வி: ஒரே பள்ளியில் தமிழ் மீடியமும் இங்கிலீஷ் மீடியமும் இருக்கிறது. எதில் போடுவது? (ஒரு தாய், தஞ்சாவூர்)

அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் மீடியம் பிரிவுகள் 2012-13 கல்வியாண்டு முதல் பரவலாக வரத் தொடங்கின. பல இடங்களில் இரண்டுக்கும் பாடம் எடுப்பவர் ஒரே ஆசிரியர், அவர் இரண்டு வகுப்பிலும் தமிழில்தான் விளக்குகிறார். புத்தகம் மட்டும் மாறுகிறது. ஆறாம் வகுப்புக்கு வரும்வரை தமிழில் படித்த பிள்ளையை வெறும் பெயருக்காக மாற்றாதீர்கள். தமிழ்நாடு அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவருக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது, பள்ளி தொடங்கி கடைசி வரை தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும்.

கேள்வி: பாய்ஸ் ஸ்கூலில் சாதிச் சண்டை, கையில் கயிறு என்று கேள்விப்படுகிறோம். பயமாக இருக்கிறது. (ஒரு தந்தை, திருநெல்வேலி மாவட்டம்)

பயம் நியாயமானது, ஆனால் இதை அரசுப் பள்ளியின் வியாதி என்று மட்டும் நினைக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்து, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது, அந்தப் பள்ளியில் வருகைப் பதிவேடும் உட்காரும் வரிசையும் எப்படி இருக்கின்றன, சண்டை வந்தால் ஆசிரியர்கள் சமாதானம் பேசி மூடிவிடுகிறார்களா, பெற்றோரை அழைத்துப் பேசுகிறார்களா என்பது. அதோடு, உங்கள் பையன் கையில் இருக்கும் கயிற்றையும் பாருங்கள்.

கேள்வி: மேலாண்மைக் குழு, மேலாண்மைக் குழு என்று எழுதுகிறீர்கள். நான் கூலி வேலைக்குப் போகிறவள். கூட்டம் வேலை நாளில் வைக்கிறார்கள், போனால் டீ கொடுத்து கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். இதில் என்ன பிரயோஜனம்? (ஒரு தாய், கிருஷ்ணகிரி)

நீங்கள் சொல்வது பல ஊரில் நடக்கிறது அம்மா. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். 2022-இல் தமிழ்நாடு முழுக்க மாற்றியமைத்தார்கள், 2024-இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். ஆக, சட்டப்படி அது உங்கள் கூட்டம். ஒரு நாள் கூலியை இழந்து வருகிறவருக்குச் சட்டம் மட்டும் போதாது என்பதும் உண்மை. உங்கள் தெருவில் இருந்து அதே பள்ளிக்குப் போகும் நாலு பிள்ளைகளின் அம்மாக்கள் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒருவர் போனால் போதும். போகிறவர் ஒரே ஒரு கோரிக்கையை எழுதிக்கொண்டு போகட்டும், எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். முந்தைய கூட்டத்தின் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லுங்கள், உங்கள் கோரிக்கை பதிவான பிறகு கையெழுத்துப் போடுங்கள். கூட்டத்தைச் சாயங்காலமோ சனிக்கிழமையோ வையுங்கள் என்பதையே முதல் கோரிக்கையாகக் கொடுங்கள்.