பழைய அவுட்போர்டு மோட்டார்: வண்ணத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

பழைய படகு மோட்டார்களைப் பற்றிச் சில வாரங்களாகக் கடிதங்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. அவற்றை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஜான்சன் மோட்டார் ஒன்றை ‘1960களின் அரிய பொருள்’ என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு என்னிடம் விற்றார்கள். தகட்டில் உள்ள மாடல் எண் ‘சி, ஆர், எஸ்’ என்ற ஆங்கில எழுத்துகளில் முடிகிறது. இது எந்த ஆண்டு மோட்டார்?

பதில்: 1984. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், வருந்துகிறேன். ஜான்சனும் எவின்ரூடும் அப்போது ஒரே நிறுவனத்தின் இரு பெயர்கள். 1980ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அந்த நிறுவனம் ஆண்டை எழுத்துகளில் மறைத்து எழுதியது. ‘இன்ட்ரொடியூசஸ்’ (INTRODUCES) என்ற ஆங்கிலச் சொல்லில் பத்து எழுத்துகள். முதல் எழுத்து 1, இரண்டாவது 2 என்று எண்ணிக்கொண்டே போனால் பத்தாவது 0. அதில் ‘சி’ எட்டாவது, ‘ஆர்’ நான்காவது, ஆக 84. கடைசியில் நிற்கும் ‘எஸ்’ ஆண்டைக் குறிப்பதல்ல. தகடே இல்லாத மோட்டார் என்றால் எஞ்சின் கட்டையில் நாணயம்போல் வட்டமான ஓர் உலோக மூடி இருக்கிறதா என்று தேடுங்கள். பல ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் எண்ணை அதிலும் பொறித்திருப்பார்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: மோட்டாரின் ஒரு திருகைக்கூடக் கழற்றாதீர்கள். கழற்றினால் ‘நீங்கள்தான் மாற்றிவிட்டீர்கள்’ என்பார்கள். விளம்பரத்தின் நகல், பணம் கொடுத்த சான்று, எண் தெரியும்படி எடுத்த படம் மூன்றையும் வைத்துக்கொண்டு எழுத்து மூலம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ஆண்டைத் தவறாகச் சொன்னது சின்ன விஷயம் அல்ல. நீங்கள் விலை கொடுத்ததே அந்த ஆண்டுக்குத்தான்.

கேள்வி: 1960களின் ‘மெர்க் 200’ ஒன்று வந்திருக்கிறது. 200 குதிரைத்திறன் மோட்டாரை என் சிறிய படகு தாங்குமா?

பதில்: அது ஏறத்தாழ 20 குதிரைத்திறன்தான். ‘மெர்க்’ என்பது மெர்க்குரி. அந்தக் காலத்து அதன் பல மாடல் எண்களில் கடைசிப் பூஜ்யத்தை எடுத்துவிட்டுப் படித்தால் குதிரைத்திறன் ஏறத்தாழத் தெரியும்.

கேள்வி: எவின்ரூட் மோட்டார் ஒன்று புதிதுபோலப் பளபளக்கிறது. ‘முழுக்கப் புதுப்பித்தது’ என்கிறார் விற்பவர். இன்றே முன்பணம் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பழைய மோட்டாரில் பழைய வண்ணம்தான் சாட்சி. நீரோட்டம் தடைபட்டு எஞ்சின் கொதித்திருந்தால், சிலிண்டர் தலைப்பகுதியில் வண்ணம் கொப்புளித்தோ கருகியோ இருக்கும். உப்பு நீரில் உழைத்த மோட்டார் என்றால் திருகுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும். யாரோ திறந்து பார்த்திருந்தால் திருகுத் தலைகளில் ஸ்பானர் பதிந்த தடம் தெரியும். கியர் பெட்டிக்குள் புகுந்த நீர் குளிர்காலத்தில் உறைந்து உலோகத்தைப் பிளந்திருந்தால் அந்தக் கீறலும் கண்ணில் படும். ஸ்பிரே டப்பாவை எடுத்து ஒரு மணி நேரம் அடித்தால் இவ்வளவு சாட்சியமும் அழிந்துவிடும். அதற்குப் ‘புதுப்பித்தல்’ என்று பெயர் வைத்து இருமடங்கு விலை கேட்கிறார்கள்.

நான் இதில் அடிபட்டவன். கண்ணாடிபோல் மின்னிய ஒரு ஜான்சனை வாங்கி வந்து தலைப்பகுதியைத் திறந்தபோது நீர்ப்பாதை முழுவதும் உப்பு இறுகிக் கிடந்தது. ஒரு சிலிண்டரின் சுவர் நெடுகக் கீறியிருந்தது. ஆறு திருகுகளில் நான்கு என் கையோடு முறிந்து வந்தன. விற்றவர் அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. அந்த மோட்டார் இன்றுவரை ஓடவில்லை.

ஆகவே நேரில் போங்கள், சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் மானியைக் கொண்டுபோங்கள். இரு சிலிண்டர்களின் அளவும் பத்து சதவீதத்துக்குள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். அளவு எவ்வளவு என்பதைவிட இந்த ஒப்புமைதான் முக்கியம். கியர் பெட்டியின் கீழ்த் திருகைச் சற்றுத் தளர்த்திச் சில சொட்டு எண்ணெய் எடுத்துப் பாருங்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓட்டிக் காட்டச் சொல்வதற்கு முன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எளிதில் கிளம்புவதில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவது தண்ணீர் நிறைந்த பீப்பாயில்தான். வெறும் காற்றில் ஓட்டினால் குளிர்விக்கும் நீரை இழுக்கும் பம்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் சிறிது நேரத்தில் கருகிவிடும். இதற்கெல்லாம் சம்மதிக்காதவர் உங்களுக்கு விற்பது வண்ணத்தை மட்டும்தான்.

கேள்வி: 1957 எவின்ரூட், 10 குதிரைத்திறன். ‘இப்போதைய எண்ணெய் உயர்ந்த தரம், பெட்ரோல் 50க்கு எண்ணெய் 1 கலந்தால் போதும்’ என்று கடைக்காரர் சொன்னார். மூன்றாவது நாளே எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. தவறு என்னுடையதா?

பதில்: உங்களுடையது அல்ல. கடைக்காரர் சொன்னதை நம்பித்தானே ஊற்றினீர்கள்! ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் 50க்கு 1 என்ற கலவை 1964 வாக்கில்தான் வந்தது. உங்களுடையது போன்ற 1950களின் மோட்டார்கள் பெரும்பாலும் 24க்கு 1 கேட்பவை. அவற்றின் உள்ளே சில இடங்களில் உருளைகள் இல்லாத வெறும் உலோக பேரிங்குகள் இருக்கின்றன. அவை எண்ணெய்ப் படலத்தை நம்பியே சுழல்கின்றன. எண்ணெயின் தரம் எவ்வளவு உயர்ந்தாலும் அளவைப் பாதியாகக் குறைத்தால் அந்தப் படலம் நிற்காது. 6 லிட்டர் பெட்ரோலுக்கு 250 மில்லிலிட்டர் எண்ணெய் ஊற்றியிருக்க வேண்டும். 50க்கு 1 என்ற கணக்கில் 120தான் போயிருக்கும்.

இறுகிய எஞ்சினைக் கயிற்றால் வெட்டி வெட்டி இழுக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயைத் துளைகளில் ஊற்றிப் பல நாள் ஊற விடுங்கள். பிறகு எஞ்சினின் மேலே உள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். இளகினாலும் சிலிண்டர் சுவரைப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம்.

கேள்வி: ஸ்பார்க் வரவில்லை. புது பிளக், புது காயில், புது கண்டென்சர் எல்லாம் வாங்கிப் போட்டும் வரவில்லை. ஃப்ளைவீல் இறுகியிருந்ததால் சுத்தியலால் அடித்துத்தான் கழற்றினேன். அடுத்து என்ன வாங்குவது?

பதில்: எதையும் வாங்காதீர்கள். பாயிண்டை, அதாவது ஸ்பார்க்குக்கான மின்சாரத்தைச் சேர்த்தும் துண்டித்தும் விடும் தொடுமுனைகளை, சுத்தம் செய்தீர்களா என்று உங்கள் கடிதம் முழுவதும் தேடிவிட்டேன். அப்படி ஒரு வரி இல்லை. ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த மோட்டாரில் பாயிண்டின் முகத்தில் களிம்பு படிந்து மின்சாரம் கடக்காது. நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, அந்தக் காலத்துப் பெரும்பாலான ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களுக்கு உரிய அரை மில்லிமீட்டர் இடைவெளியை வையுங்கள். 1950களின் காயில்கள் உறை வெடித்துக் கெடுவது உண்மைதான், ஆனால் பாயிண்டைப் பார்த்த பிறகுதான் அங்கே போக வேண்டும்.

சுத்தியலை எடுத்தது பெரிய தவறு. அந்த அடி கிராங்க் தண்டின் மரையை நசுக்கும், தண்டையே வளைக்கவும் செய்யும். ஃப்ளைவீலைக் கழற்ற இழுப்பான் என்ற கருவி இருக்கிறது. நீங்கள் வாங்கிய மூன்று உதிரிகளின் விலையில் அதை வாங்கியிருக்கலாம். ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டும் சாவித்துண்டு வெட்டுப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: 1950களின் மோட்டார். ஓடும்போது பக்கவாட்டில் தண்ணீர்த் தாரை வரவில்லை. பம்பு கெட்டுவிட்டதா?

பதில்: அந்தக் காலத்து மோட்டார்கள் பலவற்றில் அப்படி ஒரு தாரையே கிடையாது. தண்ணீருக்குள் இறங்கும் நீண்ட பகுதியான காலின் பின்புறத் துளைகளில் புகையோடு நீர்த்துளி தெறித்தால் பம்பு வேலை செய்கிறது. ஆனாலும் இம்பெல்லரை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற மோட்டாரில் ‘எல்ஜின்’ என்று இருக்கிறது. அப்படி ஒரு தொழிற்சாலையே இல்லை என்கிறார்கள். போலியா?

பதில்: போலி அல்ல, நிம்மதியாக இருங்கள். எல்ஜின் என்பது அமெரிக்காவின் சியர்ஸ் கடைகள் வைத்துக்கொண்ட பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய எல்ஜின்களில் பெரும்பாலானவற்றைச் செய்து கொடுத்தது வெஸ்ட் பெண்ட் நிறுவனம். இப்படிக் கடைப் பெயரில் வந்த மோட்டார்கள் நிறைய உண்டு. வெஸ்டர்ன் ஆட்டோ கடைகளின் தொடக்க கால ‘விசார்ட்’ மோட்டார்களைச் செய்தது மெர்க்குரியைத் தொடங்கிய கார்ல் கீக்ஹேஃபரின் நிறுவனம். குட்இயரின் ‘சீ பீ’ ஜான்சன், எவின்ரூட் நிறுவனத்தின் கேல் தொழிற்சாலையில் பிறந்தது. செய்தவர் பெயரைச் சொல்லி உதிரி தேடுங்கள், கிடைக்கும். பெயர் தெரியாது என்று மலிவாகக் கேட்டு வருபவர்களுக்கு விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: பழைய ஜான்சனோடு இரட்டைக் குழாய் கொண்ட பெட்ரோல் தொட்டி வந்தது. மூடியருகே லேசாகக் கசிகிறது. துணி சுற்றிச் சமாளிக்கலாமா?

பதில்: கூடாது! அந்தத் தொட்டியில் எஞ்சினிலிருந்து வரும் காற்றழுத்தம்தான் பெட்ரோலைத் தள்ளுகிறது. கசிவு பெரிதானால் அழுத்தத்தோடு பெட்ரோல் பீய்ச்சும். வாசர்களை மாற்றுங்கள், அல்லது எஞ்சினில் பெட்ரோல் பம்பு பொருத்தி ஒற்றைக் குழாய்த் தொட்டிக்கு மாறுங்கள். அதுவரை படகில் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: ஆறு மாதம் உழைத்து மோட்டாரைச் சரிசெய்தேன். படகில் மாட்டினால் புரொப்பல்லர் பாதி தண்ணீருக்கு மேலே நிற்கிறது.

பதில்: வாங்கும்முன் படகின் பின்பலகையை அளந்திருக்க வேண்டும். குட்டைக் கால் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர், நெட்டைக் கால் 51. உங்களிடம் இருப்பது குட்டைக் கால், படகுக்கு வேண்டியது நெட்டை. இப்படியே ஓட்டினால் பம்பு காற்றை உறிஞ்சி, ஆறு மாத உழைப்பு ஒரே நாளில் வெந்துபோகும். பலகையைக் கண்டபடி வெட்டி இறக்கினால் அலை உள்ளே வரும். பலகை தாழ்ந்த படகு வைத்திருப்பவரைத் தேடி, கால் நீளத்தையும் நீங்கள் செய்த வேலைகளையும் எழுதிக் கொடுத்து விற்றுவிடுங்கள்.