உடம்பெல்லாம் வலி: ஃபைப்ரோமையால்ஜியாவா, மெனோபாஸா?

47, 48 வயதில் உடம்பு முழுக்க வலி, சரியான தூக்கமில்லை, மறதி வேறு. இது எதனால் என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மாதவிடாய் தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால் அது மெனோபாஸ். பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் நடக்கும். அதற்குச் சில வருடங்கள் முன்பே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கித் தொல்லை தரத் தொடங்கிவிடும். ஃபைப்ரோமையால்ஜியா வேறு. அதில் தசையோ மூட்டோ கெடுவதில்லை. நரம்பு மண்டலம் வலியைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கல்யாண வீட்டு மைக் செட்டில் சத்தத்தைக் கூட்டி வைத்தால் கிசுகிசுப்புகூட அலறுமே, அப்படி.

களைப்பு, தூக்கக் கெடுதி, மறதி மூன்றும் இரண்டிலும் உண்டு, அவற்றை வைத்துப் பிரிக்க முடியாது. திடீரென முகமும் கழுத்தும் சூடேறி வியர்ப்பது, மாதவிடாய் முறை தவறுவது, பிறப்புறுப்பு வறட்சி எல்லாம் மெனோபாஸ் பக்கம். இடுப்புக்கு மேலும் கீழும், இரு பக்கமும், 3 மாதத்துக்கு மேல் வலி நீடித்து, லேசாக அழுத்தினாலே வலித்தால் ஃபைப்ரோமையால்ஜியாவைச் சந்தேகிக்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரும். தைராய்டு குறைவும் இதே வேஷம் போடும். மருத்துவரிடம் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் "எல்லாம் மனப்பிரமை" என்பார்கள். அது தவறு, ஃபைப்ரோமையால்ஜியா வழக்கமான ரத்தப் பரிசோதனை எதிலும் தெரியாது.