பேசிவைத்து மாறிய ஆட்சி

கேள்வி: ஸ்பெயினில் இரண்டு கட்சிகள் பேசிவைத்து மாறி மாறி ஆண்டனவாமே, உண்மையா? யார் செய்த ஏற்பாடு? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: உண்மைதான். அதைக் கட்டியெழுப்பியவர் கானோவாஸ் டெல் காஸ்டிலோ. மாலகாவில் 1828இல் பிறந்தவர், வரலாற்றாசிரியர். கொட்டாஞ்சேனையில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்த காலத்திலிருந்தே இவர் என்னை விடாமல் யோசிக்க வைக்கிறார்.

1868இல் ராணி துரத்தப்பட்டார். அப்புறம் இன்னொரு மன்னர், ஒரு குடியரசு, உள்நாட்டுப் போர். ஆட்சியை மாற்றுவது தளபதிகளின் வழக்கமாகியிருந்தது. 1874 முடிவில் அந்த ராணியின் மகன் அல்போன்சோவை அரியணைக்குக் கொண்டுவந்த கானோவாஸ், 1876இல் அரசியலமைப்பையும் தந்தார். தன் கட்சியும் சகாஸ்தாவின் லிபரல் கட்சியும் மாறி மாறி ஆண்டால் படைமுகாம்கள் அடங்கும் என்பது அவர் கணக்கு. அது பலித்தது, அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் எப்படிப் பலித்தது? மன்னர் முதலில் பிரதமரை மாற்றுவார், தேர்தல் பிறகுதான் வரும். யார் எங்கே வெல்வது என்று உள்துறை அமைச்சு முன்கூட்டியே பட்டியல் போடும். ஊர்ப் பெரும்புள்ளிகள் அதன்படி வாக்குகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். 1890இல் சகாஸ்தா அரசு ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்த பிறகும் இது நிற்கவில்லை. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்போது ஸ்பெயினின் கீழ் இருந்த கியூபாவின் கிளர்ச்சியை அடக்க 1896இல் தளபதி வெய்லரை அனுப்பியதும் கானோவாஸின் அரசுதான். கிராம மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டுப் பசியாலும் நோயாலும் செத்தார்கள்.

1897 ஆகஸ்டில் பாஸ்க் பகுதியின் சாந்தா ஆகெதா நீரூற்று விடுதியில், அஞ்சியோலில்லோ என்ற இத்தாலிய அனார்க்கிஸ்ட் (அரசே வேண்டாம் என்ற கொள்கைக்காரன்) கானோவாஸைச் சுட்டுக்கொன்றான். அவருடைய ஏற்பாடு 1923 வரை தாக்குப்பிடித்தது.