திரைக்கதை பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

"இடைவேளைக்குப் பிறகு ஒரு சீன்கூட நகரவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கோளாறு இரண்டாம் பாதியில் இருக்காது, முதல் பாதியில்தான் இருக்கும். நாயகனுக்கு என்ன வேண்டும், அது கிடைக்காவிட்டால் எதை இழப்பான் என்பது உங்களுக்கே தெளிவாக இல்லையென்றால் அடுத்த சீன் எங்கிருந்து வரும்? வசனத்தை மூடி வையுங்கள். சீனுக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஒரே வரி. தரையில் பரப்பிப் பாருங்கள். எந்த இரண்டு சீன்களுக்கு நடுவே 'அதனால்' வராமல் வெறும் 'அப்புறம்' மட்டும் வருகிறதோ, ஓட்டை அங்கேதான்.

அதுவும் பலிக்கவில்லையா? சரி, வேறு கதை எழுதுங்கள். அமெரிக்க இயக்குநர்களான கோயன் சகோதரர்கள் 'மில்லர்ஸ் கிராசிங்' படத்தின் கதைச் சிக்கலில் மாட்டிக்கொண்டபோது அதைத் தள்ளிவைத்துவிட்டு, எழுத வராமல் தவிக்கும் ஒரு திரைக்கதையாசிரியனைப் பற்றி 'பார்டன் ஃபிங்க்' எழுதினார்கள். சுமார் 3 வாரத்தில்! 1991இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கியது அதுதான். பாதியில் விட்ட கதைக்கும் திரும்பி வந்து அதை முடித்தார்கள். அது 1990இலேயே திரைக்கு வந்துவிட்டது.

இன்னொன்று: எழுத ஆரம்பித்ததும் சீனை முழுதாக முடித்துவிட்டு எழாதீர்கள். அடுத்த வசனம் என்னவென்று தெரிந்திருக்கும்போதே எழுந்துவிடுங்கள். மறுநாள் காலை வெற்றுப் பக்கத்தை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.